சாம்பிளுக்குப் போன ரத்தம்

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் கதிர்வேல் கொள்கை உடையவர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்பும் சாம்பிளை உயர்ந்த நூலில், தேர்ந்த டெய்லரை வைத்துத் தைப்பார். பின்னால் பெட்டி பெட்டியாகப் போகும் சரக்கு வேறு விஷயம். சாம்பிள் என்பது நாம் எப்படி இருக்க ஆசைப்படுகிறோம் என்பதன் அறிவிப்பு. அதைப் பொய் என்பவர்கள் தொழில் அறியாதவர்கள்.

2008-இல் அவருடைய மகள் சுபஸ்ரீக்கு வெள்ளகோவிலில் சம்பந்தம் பேசினார்கள். அப்போது அந்த வட்டாரத்துப் பெரிய வீடுகளில் ஜாதகத்தோடு மரபணு அறிக்கையும் மாற்றிக்கொள்வது நாகரிகமாகியிருந்தது. சுபஸ்ரீயின் அம்மாவும் சித்தியும் மார்பகப் புற்றுநோயில் போனவர்கள். மாப்பிள்ளையின் அப்பா லிங்கசாமி மகனின் அறிக்கையை நீட்டி, மிகுந்த பணிவோடு, "சும்மா ஒரு பார்மாலிட்டிதானுங்க" என்றார்.

கதிர்வேல் கொள்கையிலிருந்து வழுவவில்லை. செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும், ஒரு நாள்கூடக் காய்ச்சலென்று படுக்காத, தெற்கத்திப் பெண் அபிராமியை மகளின் பெயரில் ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அறிக்கை குறையின்றி வந்தது. கல்யாணத் தேதி குறித்தார்கள்.

சுபஸ்ரீக்குத்தான் மனசு ஆறவில்லை. அம்மாவுக்கு வந்தது தனக்கும் வருமா என்று தெரிந்தாக வேண்டும். அதே ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். மரபணு ஆலோசனைப் பிரிவின் அலுவலர் சீனிச்சாமி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"உங்க ரத்தம் ஏற்கெனவே பார்த்தாச்சுங்க."

"அது என் ரத்தம் இல்லீங்க."

"ரெக்கார்டுல சுபஸ்ரீயோடதுங்க. மறுபடி பார்க்கணும்னா அவங்ககிட்ட ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வாங்க."

"நான்தானுங்க சுபஸ்ரீ."

"அப்பப் பிரச்சினையே இல்லீங்களே. உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு வந்திருக்கு."

வேறு பெயரில் வந்தால் விதிகளில் தடையில்லை என்றும் அன்போடு தெரிவித்தார்.

அபிராமியிடம் சொன்னபோது அவள் யோசிக்கவே இல்லை. "ரத்தத்தையே குடுத்தாச்சு. பேரையும் எடுத்துக்கிடுங்கக்கா."

சுபஸ்ரீ அந்தப் பெயரிலேயே ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். ஆறு வாரம் கழித்து, அபிராமி பெயருக்குக் கம்பெனி ஹாஸ்டல் விலாசத்தில் கடிதம் வந்தது. ஹாஸ்டல் கடிதங்களை, பெண்களின் நலன் கருதி, முதலாளியே பிரித்துப் படிப்பது வழக்கம். மரபணுவில் குறை இருக்கிறது, நோய் இன்னும் இல்லை, வருடந்தோறும் பரிசோதனை அவசியம் என்றிருந்தது. இதே அபிராமியின் ரத்தம் முன்பு குறையற்று இருந்ததே என்று கதிர்வேலுக்குத் தோன்றவில்லை. அது சுபஸ்ரீயின் ரத்தம் என்று அறிக்கையே சொல்கிறதே. "பாவம், வயசுப் புள்ளை" என்று உருகி, மனிதாபிமான அடிப்படையில் அவளை அன்றே வேலையிலிருந்து நிறுத்தும்படி உத்தரவு எழுதினார்.

சுபஸ்ரீ உள்ளே வந்து அந்த உத்தரவை வாங்கிக் கிழித்தாள்.

"அது என் ரத்தமுங்கப்பா. நேத்தே ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. வருசா வருசம் என் பேருலயே போய்ப் பார்த்துக்கப் போறேன்."

கதிர்வேல் கிழிந்த உத்தரவைப் பொறுக்கிக் கூடையில் போட்டார். பிறகு, மாப்பிள்ளை ஊட்டுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"போன்ல சொல்லிட்டேனுங்க."

"லிங்கசாமி என்ன சொன்னாரு?"

"உங்க பையன் பேருல யாரு ரத்தங் குடுத்ததுன்னு கேட்டேனுங்க. அந்தப் பேச்சை விடும்மான்னாருங்க. அப்புறம், தேதியை மாத்த வேண்டாம்னாருங்க."