சிக்னல் கும்மியும் இருபத்தேழு உரிமையாளர்களும்

சரவணம்பட்டி,
திங்கட்கிழமை.

பொன்னாத்தாளுக்கு அண்ணனும், கிருபாவுக்குத் தாய்மாமனும், கோபத்திலும் மரியாதை குறையாதவருமான தாராபுரம் மச்சான் பிரான்சிஸ் அவர்களுக்கு, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற உங்கள் மாப்பிள்ளை அங்கப்பன் பணிவோடு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே அக்காவும் ஆடுகளும் நலமா? நாலு நாளாக நீங்கள் போனை எடுக்கவில்லை. கோபம் என்று புரிந்துகொண்டேன். ஆகவே கடிதம்.

நான் எழுதி உங்கள் தங்கை பாடிய சிக்னல் கும்மியைக் கேட்டிருப்பீர்கள். ‘சரவணம்பட்டி சிக்னலுங்க, தாண்டுறதே பெரிய சிக்கலுங்க’ என்று தொடங்கும். கிருபா போனில் பிடித்துப் போட, ஊரெல்லாம் பரவியது. அதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் யாரோ ஒரு ஸ்டுடியோக்காரர் அதற்கு மேளம் சேர்த்துத் தன் கணக்கில் ஏற்றி, ‘பழங்கால நாட்டுப்புறப் பாடல், இயற்றியவர் பாடியவர் தெரியவில்லை’ என்று போட்டுவிட்டார். பழங்காலத்தில் ஏது மச்சான் சிக்னல்? இயற்றியவன் இங்கே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொருவர் கேட்கும்போதும் விளம்பரக் காசு ஸ்டுடியோவுக்குப் போகிறதாம். காசு போகட்டும். உங்கள் தங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்து, “ஏனுங்க, என்ற பேரே இல்லீங்களே” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை.

“விடுங்கப்பா, முறைப்படி நம்ம பேருல பதிவு பண்ணிப்போடலாமுங்க” என்றாள் கிருபா. லேப்டாப்பைத் திறந்து, பாட்டில் பங்குள்ளவர்கள் பெயரை அடிக்கச் சொன்னவள், ஆபீஸ் போன் வந்து மொட்டைமாடிக்குப் போனாள். வினை அங்கேதான் வந்தது. கிருபாவின் காதுகுத்துப் பத்திரிகையில் கோபிசெட்டிபாளையத்துப் பெரியப்பா பெயர் விட்டுப்போய், அவர் மூன்று வருடம் நம் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதது உங்களுக்குத் தெரியாததா? எனக்கு அந்தப் பயம். ஆகவே பத்திரிகை முறையிலேயே ஆரம்பித்தேன். பங்காளிகள், தாய்மாமன், சம்பந்தி, கும்மிக்குக் கை தட்டிய பெண்கள், அவர்களை ஆட்டோவில் கூட்டிவந்த ரசாக் பாய் என்று ஒருவரையும் விடவில்லை. முடிவில் ‘மற்றும் உற்றார் உறவினர்’ என்றும் அடித்தேன். உற்றார் உறவினருக்கு ஈமெயில் முகவரி கேட்டது. அதை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பிவிட்டேன்.

இறங்கி வந்த கிருபா தலையில் கை வைத்துக்கொண்டாள். “அப்பா, இது கண்ணாலப் பத்திரிகை இல்லீங்க! இந்த இருபத்தேழு பேரும் இப்போ பாட்டுக்கு உரிமையாளருங்க! வர்ற காசப் பிரிச்சா ஆளுக்கு மாசம் ஒரு மொடக்கு டீ வருமுங்க!” டீ ஒரு பக்கம் இருக்கட்டும். இருபத்தேழு பேரும் தங்களுக்கு வரும் மெயிலில் ‘சம்மதம்’ என்பதை அழுத்த வேண்டுமாம். அதுவரை உரிமை யாருக்கென்று முடிவாகாததால், பாட்டை யார் எங்கே போட்டாலும் சத்தத்தை நிறுத்திவிடுவார்களாம். ஸ்டுடியோக்காரர் ஊமையானார், நல்லது. நானே குளித்துக்கொண்டு பாடியதைப் பதிந்து போட்டேன், நானும் ஊமையானேன். என் பாட்டை நான் பாடியதற்கு எனக்கே எச்சரிக்கை வந்தது மச்சான்!

சம்மதம் வாங்கப் பட்ட பாடு பெரும்பாடு. தெரியாத லிங்க்கைத் தொட்டால் பேங்கில் இருப்பது போய்விடும் என்று தினமும் காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவன் நான். வருடக்கணக்காக யாரும் மதிக்காத அந்தப் பேச்சை இந்த முறை எல்லோரும் மதித்துவிட்டார்கள். வெங்கடலட்சுமி சித்தி, தன் காட்டு நிலத்தை நான் எழுதி வாங்கப் பார்க்கிறேன் என்று அழுதார். பெரியப்பாவோ, “பெரியவன் எனக்கும் சின்னப்பையன் உனக்கும் ஒரே பங்காடா?” என்றார். ஒவ்வொரு வீடாகப் போய்க் காப்பி குடித்துக் கெஞ்சினேன். உண்மையைச் சொன்னால், வருடக்கணக்காகப் போகாத வீடுகளுக்கெல்லாம் போய்வந்ததில் மனசு நிறைந்துதான் இருக்கிறது.

இப்போது ‘இன்னும் ஒருவர்’ என்று காட்டுகிறது. போன் எடுக்காதவர் நீங்கள் ஒருவர்தான், ஆகவே அது நீங்கள்தான். தாய்மாமன் பெயரை முதலில் போடாமல் பங்காளிகளுக்குக் கீழே நாலாவதாகப் போட்டது என் புத்திகெட்டதனம். ஆனால் வெள்ளிக்கிழமை எங்கள் மாரியம்மன் கோவில் நோம்பி. நேரலையில் தன் பாட்டு தன் பெயரோடு வரும் என்று உங்கள் தங்கை தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நேரலை போடப்போகும் மைக்செட் வேலனோ, “சம்மதம் வராம போட்டா என்ற சேனலையே மூடிப்போடுவாங்க” என்கிறான். என் மேல் உள்ள கோபத்தை என் மேலேயே வைத்துக்கொண்டு, அவளுக்காக அந்த ஒரு பட்டனை அழுத்துங்கள்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, ஆடுகளுக்கு என் அன்பு.

உங்கள் நாலாவது இடத்துக் குற்றவாளி,
அங்கப்பன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டிவிட்டதால் இதை வெளிப்பக்கம் எழுதுகிறேன், தபால்காரர் மன்னிக்கவும். இப்போதுதான் அக்கா பேசினார். உங்கள் போன் அமராவதி ஆற்றில் விழுந்து நாலு நாள் ஆகிறதாம், கோபமெல்லாம் இல்லையாம். கிருபா பார்த்ததில், முதல் சம்மதமே உங்களுடையதாம். மெயில் போன இரண்டாவது நிமிடமே அழுத்தியிருக்கிறீர்கள். அழுத்தாத அந்த ஒருவர் நான்தான். எனக்கு வந்த மெயிலை மோசடி என்று அழித்திருக்கிறேன். மறுபடி வரவழைத்து அழுத்தியாயிற்று, பாட்டும் வந்துவிட்டது. மனசு கேட்காமல் உங்கள் பெயரை முதலாவதாக மாற்றப் போனேன். மாற்றினால் இருபத்தேழு பேரும் மறுபடி சம்மதம் தரவேண்டும் என்று திரை சொன்னது. உங்கள் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். “கைய எடுங்க. அண்ணன் நாலாவதாவே இருக்கட்டுமுங்க. என்ற பேரு வந்துபோடுச்சுல்ல.”