டிரைவருக்குத் துணை

"விசாரணைக்குத் துணையா ஒரு ஆளை வச்சுக்கலாம்னு கம்பெனி விதி இருக்குல்ல சார்? எனக்கு நீங்கதான் வேணும்" என்றார் டிரைவர்.

மேனேஜருக்குத் தலை கிறுகிறுத்தது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வேனில் யார் வீட்டுச் சாமானையோ ஏற்றிப்போன டிரைவரை வேலையை விட்டுத் தூக்குவதற்கான விசாரணை அது. விசாரிப்பவரே அவர்தான்!

"நான் எப்படிய்யா உனக்குத் துணை வர முடியும்?"

"உங்களை விட்டா எனக்கு யாரு சார் இருக்கா?"

முடியாது என்றால் விசாரணையே செல்லாமல் போய்விடும். மேனேஜர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டார். எழுந்து இந்தப் பக்கம் வந்து, "வாயே திறக்காதே" என்று டிரைவர் காதில் ஓதினார். திரும்ப ஓடிப்போய், "ஏன்யா வாயைத் திறக்க மாட்டேங்கறே?" என்று மேஜையைத் தட்டினார். நெற்றி வீக்கம் வேறு விண் விண் என்று வலித்தது. மச்சினன் வாங்கிக் கொடுத்ததாக மனைவி சொன்ன புது பீரோவில் காலையில் முட்டிக்கொண்டது.

"யாருக்காக ஏத்தினே? அதை மட்டும் சொல்லு."

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன். நீங்களும் கேக்காதீங்க சார், உங்களுக்கு நல்லதில்லை."

"மிரட்டறியா?"

கம்பெனிப் பேனாவைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாத மனுஷர். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"சார், இவன் பின்னாடி நம்ம ஆளே ஒருத்தன் இருக்கான்னு சந்தேகமா இருக்கு. அவனையும் சேர்த்துத் தூக்கணும்!"

"தாராளமாத் தூக்குங்க. யாரா இருந்தாலும் சரி. நான் லைன்லயே இருக்கேன்."

டிரைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "துணைக்கு வந்த நீங்களே இப்படிப் பண்ணலாமா சார்?"

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. வேலை போகப்போகிறவன் தன்னைப் பார்த்து எதற்கு இப்படிப் பரிதாபப்பட வேண்டும்?

சாட்சி சொல்ல, பேக்கிங் பிரிவு அம்மா வந்தார். அன்று சாமானுக்கு ஒரு கை பிடித்தவர்.

"பயப்படாம சொல்லுங்கம்மா. முதலாளியும் கேட்டுட்டு இருக்காரு. யார் வீட்ல இறக்கினீங்க?"

அந்த அம்மா போனைப் பார்த்தார். பிறகு மேனேஜரின் நெற்றியைப் பார்த்தார்.

"இங்க வச்சா போற வர்றப்ப இடிக்கும்னு அன்னிக்கே உங்க வீட்டம்மாகிட்ட சொன்னேன் சார், கேட்டாத்தானே!"