வால் இருந்தா பிரசென்ட்

ஒரு காட்டில்...

இருங்க, இருங்க. 'ஒரு காட்டில்'னு சொன்ன உடனே சிங்கம் வரும்னு நிமிர்ந்து உக்காந்துட்டீங்க பாருங்க. சிங்கம் வராது. அது துணைவேந்தர், மீட்டிங்ல இருக்கு. அந்த மூலையில ஒருத்தர் நரிக்காகக் காத்திருக்கார். நரிக்கு இன்னிக்கு லீவு. கடைசியில நல்ல நீதியா ஒண்ணு கெடைக்கும், அத வீட்டுல புள்ளைங்க தலையில கட்டிடலாம்னு வந்தவங்க... சரி, உக்காருங்க, பாப்போம்.

ஒரு காட்டில் ஒரு குளம். குளத்துக்குள்ள ஒரு காலேஜ். படிக்கிறதெல்லாம் தலைப்பிரட்டைங்க, மொத்தம் நாலாயிரம். அதுங்களுக்கு ஒரு டீன். வாசல்ல போர்டு: 'டாக்டர் கனகசபாபதி, டீன், இளநிலைக் கல்வி மற்றும் மாணவர் வெற்றி.' போர்டு பெருசு, குளம் சின்னது. அதனால 'வெற்றி' மட்டும் குளத்துக்கு வெளிய நீட்டிக்கிட்டிருக்கும்.

டீன் என்ன பிராணின்னு யாருக்கும் தெரியாது. கழுத்துலேர்ந்து கீழ வரைக்கும் கறுப்பு அங்கி. கேட்டா, "நான் ஒரு கல்வியாளர்"ம்பாரு. கரைக்கு வரவே மாட்டாரு. கொடியேத்துறதுன்னாக்கூட தண்ணிக்குள்ள இருந்தே கயித்த வாயால இழுப்பாரு. "பாத்தியா, பசங்களோட பசங்களாவே இருக்காரு மனுஷன்"னு எல்லாருக்கும் பெருமை.

மாணவர் வெற்றின்னா என்னன்னு கேட்டா ஒரே வரிதான் சொல்லுவாரு: "யாரும் பாதியில போகக் கூடாது." நல்ல விஷயம்தானே. முழுசா முடிச்சிட்டும் யாரும் போகலங்கறதத்தான் ஒருத்தரும் கவனிக்கல. கரைக்குப் போகணும்னா கேட் பாஸ் வேணும். கேட் பாஸுக்கு எழுபத்தஞ்சு பர்சன்ட் அட்டெண்டன்ஸ் வேணும். அட்டெண்டன்ஸுக்குப் படித்துறை கடைசிப் படியில ஒரு மெஷின். அதுல வால வைக்கணும். வச்சா, "நன்றி. முதலாம் ஆண்டு. பிரசென்ட்"னு பேசும். ஒரு பயலுக்குக் கால் துளிர்த்தாலும், அட்டெண்டன்ஸ நெனச்சு அப்படியே உள்ள இழுத்துக்கிடுவான்.

வளர்மதி மட்டும் இழுத்துக்கல. நாலு காலும் வந்திடுச்சு. செவுள் போய் நுரையீரல் வந்திடுச்சு. வால் சுருங்கிச் சுருங்கி ஒரு நாள் காலையில காணோம். மெஷின்ல முதுக வச்சுப் பாத்தா.

"வால் இல்லை. மீண்டும் முயற்சிக்கவும்."

நேரா டீன் ரூமுக்குப் போனா. கூட கிளார்க் ஏகாம்பரம் இருந்தாரு. அவரு நண்டு.

"வால் எங்கம்மா?"

"உள்ள போயிடுச்சு சார். உடம்பே சாப்பிட்டுடுச்சு."

"அட்டெண்டன்ஸ சாப்பிட்டுட்டியா?"

"சார், நான் தவளை ஆயிட்டேன். அதுக்குத்தானே சார் இங்க சேந்தேன்."

டீன் திரும்பி, "ஏகாம்பரம், சிலபஸ்ல தவளை இருக்கா?"ன்னாரு.

நண்டு பக்கவாட்டாவே ஓடிப் போய் ரெஜிஸ்டர பொரட்டிட்டு வந்துச்சு. "இல்லீங்கய்யா. தலைப்பிரட்டை வரைக்கும்தான் போட்டிருக்கு."

"பாத்தியாம்மா? அவுட் ஆஃப் சிலபஸ்."

"சார், தண்ணிக்கடியில எனக்கு மூச்சு விட முடியல. கரை ஏறலேன்னா செத்துருவேன் சார்."

"மன அழுத்தம்," டீன் ரொம்ப ஆறுதலா சொன்னாரு. "வியாழக்கிழமை மூச்சுப் பயிற்சி வகுப்பு வச்சிருக்கோம். தண்ணிக்கடியிலதான். வந்துடு."

அன்னிக்குன்னு பாத்தா ஆய்வுக் குழு வருது. குழுன்னா ஒரே ஒரு கொக்கு. மத்த ரெண்டு பேரும் ஆன்லைன்ல. டீன் கணக்குப் போட்டாரு. கொக்கு கண்ணு முன்னாடி ஒரு பொண்ணு வெளிய போனா, ஆறு வருஷ சாதனை போச்சே.

"ஏகாம்பரம், இவளுக்குப் பாசியில ஒரு வால் கட்டு. அம்மா வளர்மதி, ஒரு மணி நேரம் அடியிலயே உக்காந்து மூச்ச அடக்கிக்க. காலேஜ் மானம் உன் நெஞ்சுலதான் இருக்கு."

பாவம், உக்காந்தா.

கொக்கு வந்துச்சு. தண்ணிய ரொம்ப நேரம் உத்துப் பாத்துச்சு. "மாணவர்கள் அடர்த்தி பிரமாதம். நல்ல வளர்ச்சி. நல்ல சதைப்பிடிப்பு." எச்சில முழுங்கிக்கிச்சு. "ஒருத்தர்கூட வெளிய போகலியா?"

"ஆறு வருஷமா ஒருத்தர்கூட போகலீங்க."

"இப்படியே வச்சிருங்க. நான் அடிக்கடி வர்றேன். சரி, கரைக்கு வாங்க, பொன்னாடை போத்தணும்."

"இங்கயே போடுங்கய்யா. நான் ரொம்ப எளிமையானவன்."

கொக்கு பொன்னாடைய அலகுல கவ்விக்கிட்டு கடைசிப் படிக்கு எறங்குச்சு. டீன் மெஷின் பக்கத்துல வந்து தலைய மட்டும் நீட்டினாரு. மூலையில குளிச்சிக்கிட்டிருந்த எருமை ஒண்ணு, காலேஜுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அசை போடுறத நிறுத்திட்டு வேடிக்கை பாத்துச்சு.

அடியில வளர்மதிக்கு கண்ணு பிதுங்குது. தவளைக்கு ஏற்கனவே கண்ணு வெளியதான் இருக்கும், இது அதுக்கும் வெளிய. அம்பத்தி மூணாவது நிமிஷம், மானமாவது ஒண்ணாவதுன்னு ஒரு ஒத.

வாழ்க்கையில மொத தாவல். பழக்கமில்ல. டீன் தோள்ல வந்து விழுந்தா. அங்கியில கால் மாட்டிக்கிச்சு. மறுபடி ஒரு ஒத. அங்கியோட கரையில போய் விழுந்தா. பாசி வால் மட்டும் கொக்கு தலையில தொங்குச்சு. லட்டு மாதிரி ஒரு தவளை எதிர்ல இருக்கு, கொக்கால ஒண்ணும் பண்ண முடியல. அலகுல பொன்னாடை.

இந்தப் பக்கம் டீன். கை இல்ல. கால் இல்ல. நல்லா கொழுகொழுன்னு, ஒரு முழ நீளத்துக்கு, வால். அது ஆடி ஆடி மெஷின் மேல போய்ப் பட்டுச்சு.

"நன்றி. முதலாம் ஆண்டு. ரோல் நம்பர் ஒன்று. பிரசென்ட்."

நாலாயிரம் தலைப்பிரட்டையும் டீன் வாலையும் தங்க வாலையும் மாத்தி மாத்திப் பாத்துச்சுங்க. ஏகாம்பரம் ரெஜிஸ்டருக்குள்ள மூஞ்சிய பொதைச்சிக்கிட்டாரு. கரையில வளர்மதி நெஞ்சு நெறைய ஒரு மூச்சு இழுத்தா.

எருமைதான் வாயத் தொறந்துச்சு.

"அட, நம்ம டீனு இன்னும் பர்ஸ்ட் இயர்தானா?"

நீதி: வளர்ந்தா டிஸ்கன்டினியூ, வளரலேன்னா டீன். அதனால புள்ளைங்களா, வால பத்திரமா பாத்துக்குங்க.