பனிமாதத்தில் வராத தீ

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். என் சுகத்தை எழுதப் போனால் தாள் போதாது, அதனால் விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அத்தானுக்கு வன அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. அவர் போய் நாற்பது நாள் ஆகிறது, ஆனாலும் பதினைந்து நாளுக்குள் நேரில் வந்து விளக்கம் சொல்லவேண்டுமாம். அனுமதிச் சீட்டு கொடுக்காத மாதத்தில் காட்டுக்குள் நுழைந்தது குற்றமாம். ஐயா, தீயை அணைக்கப் போனவர், புகையிலேயே விழுந்துவிட்டார் என்று சொல்ல ஓடினேன். குமாஸ்தா ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினார். தீக்காலம் பனி முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் தொடங்குகிறதாம், அதற்கு முன்னால் காட்டில் தீ கிடையாதாம். எரிந்த சரிவு அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் கரிக்கட்டையாகத் தெரிகிறது, மனுஷன் திரும்பினால்தானே. மூன்று வருஷமாக மழை ஏமாற்றுகிறது, புல் முன்னாலேயே காய்ந்து நிற்கிறது, தீக்கு அந்தப் புத்தகத்தை யார் படித்துக் காட்டுவது?

போன வாரம், பருவம் மாறிப்போனதற்கு ஊர் எப்படி ஈடுகொடுப்பது என்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். டவுனிலிருந்து வந்த மேடம் தரையில் சாக்பீஸால் பன்னிரண்டு கட்டம் போட்டு, எந்த மாதம் எது நடக்கிறதோ அங்கே புளியங்கொட்டை வைக்கச் சொன்னார். நீங்கள் வைப்பதுதான் திட்டம் என்றார். நான் தீக்கென்று ஒரு கை கொட்டையைப் பனிமாதத்தில் வைத்தேன். அவர் நல்ல மாதிரி, கோபிக்காமல் அள்ளிச் சரியான மாதத்தில் வைத்தார். நான் திரும்ப எடுத்து வைத்தேன், அவரும் திரும்ப எடுத்தார். இப்படி நாலு தடவை.

"இந்த மாசத்துல தீ வரும்னு யாரும்மா சொன்னது?"

"என் வீட்டுக்காரர்ங்க. பார்த்துட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனார்."

டீ கொடுத்துக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

இப்போது குமாஸ்தா ஒரு வழி சொல்கிறார். தெரியாமல் நுழைந்துவிட்டார், மன்னிக்கவும் என்று நான் எழுதிக்கொடுத்தால் நோட்டீஸை மூடிவிடுவாராம். இல்லையென்றால் எங்கள் வீட்டுச் சீட்டு ரத்து, தேனும் இல்லை, துடைப்பப் புல்லும் இல்லை. தெரியாமலாம். அவருக்குத் தெரியாதது டவுனில் ரோடு கடப்பது ஒன்றுதான். சிரிப்பு வந்தது தம்பி, அப்புறம் அது சிரிப்பாக இல்லை. பிள்ளைகள் இரண்டும் சாப்பிடவேண்டும், எழுதிக்கொடுத்துவிடுகிறேன். சாட்சிக் கையெழுத்துக்கு ரத்த உறவு வேண்டுமாம், திங்கட்கிழமை வந்துவிடு. ஊரில் யாருக்கும் சொல்லவில்லை, வெட்கமாக இருக்கிறது.

உன் பிள்ளைகள் நூறு வயசு இருக்கட்டும். உன் அத்தான் சொல்லவேண்டிய ஆசியையும் நானே சேர்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: திங்கட்கிழமை வரவேண்டாம். உறை ஒட்டப் பசை கேட்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். அன்றைக்குக் கிளை ஒடித்துத் தீயை அடித்தவர்களில் அவளும் ஒருத்தி. ஒரு மணி நேரம் என்னைத் திட்டினாள், அப்புறம் வீடு வீடாகப் போனாள். இன்று பதினேழு பேர் என்னோடு அலுவலகம் வந்து, நாங்களும் அன்று நுழைந்தோம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். பதினேழு வீட்டுச் சீட்டும் போகலாம். குமாஸ்தாவுக்கு வேர்த்துவிட்டது. இத்தனை பேரும் தெரிந்தேவா போனீர்கள் என்று கேட்டார். "தெரிஞ்சுதான் போனோம். அவர்தான் எங்களுக்கு முன்னால போனார்" என்றாள் அவள். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.