என் ஆஸ்டின் காரின் பூர்வீகம்

மாமனார் வாயை ஒரே நாளில் அடைத்துவிடுவது என்று எழுபத்து நாலாம் வருஷம் தை மாதம் முடிவெடுத்தேன். அதற்காகத்தான் அந்தக் கறுப்பு ஆஸ்டின் காரை வாங்கினேன்.

தேனி கடைவீதியில் எனக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை. மாமனார் சண்முகராஜுக்குப் போடியில் ஏலக்காய் மண்டி. அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு கிடைக்கும், மரியாதை கிடைக்காது. கொழுந்தியாள் கல்யாணம் நிச்சயமான அன்று பந்தியில் வைத்தே அறிவித்துவிட்டேன்.

"மாப்பிள்ளை அழைப்புக்கு என் கார்தான். எஸ்டேட் துரை ஏறின கார். கம்பம் பள்ளத்தாக்குலயே இது ஒண்ணுதான்."

மாமனார் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "எந்தத் துரை மாப்பிள்ளை?" என்றார்.

எந்தத் துரையை நான் கண்டேன்? விற்ற கம்பம் புரோக்கர், இது துரை கார் என்றான், நம்பினேன். பந்தியே என் வாயைப் பார்த்தது. "விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சொர்ணலதா ஆரம்பித்தாள்.

"நெசமாவே துரை காரா?"

"பின்னே? அந்த பம்பரைப் பாரு. அதோட கம்பீரத்தைப் பாரு."

"அப்ப ஒரு எட்டு கூடலூர் வரைக்கும் போயி விசாரிச்சிட்டு வாங்க. வழி நெடுக ஹாரனை நல்லா அமுக்குங்க. அப்பத்தான பழைய ஆளுக அடையாளம் கண்டுக்கிருவாக."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு ஒத்தாசையாகப் பேசியதில்லை. நான் அங்கேயே உஷாராகியிருக்கணும். ஆகவில்லை, கிளம்பிவிட்டேன்.

முதலில் அனுமந்தன்பட்டி. ரப்பர் ஹாரனை அமுக்கினேன். நாலு வீட்டுக் கதவு திறந்தது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்று தோள் துண்டை இடுப்புக்கு இறக்கினார்கள். ஒருத்தரும் "வாங்க" என்று கூப்பிடவில்லை. காரைப் பார்த்துப் பேச்சே வரவில்லைபோல என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

"இந்தக் காரைத் தெரியுதா?" என்றேன்.

"தெரியாம என்ன?" டீக்கடை சீனிச்சாமியின் குரல் கம்மியது. "ஆளு யாருன்னு சொல்லுங்க. மனசைத் திடப்படுத்திக்கிட்டோம்."

என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "தேனி சுயம்புலிங்கம். பாத்திரக் கடை" என்றேன் பெருமையாக.

"சுயம்புலிங்கமா? அடப் பாவமே, சின்ன வயசாச்சே."

எதிர் வீட்டு மொக்கம்மாள் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். "போன மாசந்தானே சிரிச்ச மொகமா குடம் எடுத்துக் குடுத்த, ராசா" என்று மாரில் அடித்துக்கொண்டாள். தெருவே கூடிவிட்டது. எனக்கு வைத்த ஒப்பாரியை நானே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆத்தா, நான்தான் சுயம்புலிங்கம். உசுரோடதான் இருக்கேன்."

ஒப்பாரி பாதியில் நின்றது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பறம் எதுக்குய்யா இந்த வண்டில வந்த?"

சீனிச்சாமிதான் விளக்கினார். கம்பத்து ராக்கப்பன் வைத்திருந்த கார் அது. எங்கே சாவு விழுந்தாலும் சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்ல அந்தக் காரைத்தான் வாடகைக்கு எடுப்பார்களாம். அந்த ஹாரன் ஊருக்குள் கேட்டால் எந்த வீட்டுக்கோ எழவு என்று அர்த்தம்.

"அதுக்கு முன்னாடியாவது துரைகிட்ட இருந்துச்சா?" என்றேன், நப்பாசையில்.

"துரை செத்த சேதியே இதுலதான் வந்துச்சு."

அதோடு திரும்பியிருக்கலாம். இன்னும் யாராவது ஒரு துரையைச் சொல்ல மாட்டார்களா என்று கூடலூர்வரை போனேன். ஹாரனைத் தொடவேயில்லை. வண்டியைப் பார்த்தே அழுதார்கள். துரையைப் பற்றித் துப்புக் கிடைத்தால் வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று விலாசம் கொடுத்துக் கெஞ்சிவிட்டுத் திரும்பினேன். வரும் வழியில் ரேடியேட்டர் கொதித்து நின்றது. பஸ்ஸில் போனவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். மானம் மரியாதை எல்லாம் போய், கூனிக்குறுகி வீடு சேர்ந்தேன்.

"துரை பேரு கெடைச்சிச்சா?" என்றாள் சொர்ணலதா.

"ராபர்ட் துரை" என்றேன், செருப்பைப் பார்த்துக்கொண்டு.

"எங்க பெரியப்பா செத்த சேதி போடிக்கு இந்த வண்டிலதான் வந்துச்சு."

"தெரிஞ்சேவா என்னைய அனுப்புன?"

"வாங்குன அன்னைக்கே சொன்னேன். பொறாமைன்னு சொன்னீக. எங்கப்பாவும் பாத்ததுமே கண்டுக்கிட்டாக. மாப்பிள்ளை அழைப்புக்கு ஜீப்பு பேசியாச்சு."

பந்தியில் அவர் அவ்வளவு நிதானமாக ரசம் குடித்தது ஏன் என்று இப்போது விளங்கியது. பூமி பிளந்தால் காரோடு உள்ளே போய்விடலாம்போல இருந்தது.

"அப்ப ஹாரனை எதுக்கு அமுக்கச் சொன்ன?"

"ராக்கப்பன் தொழிலை விட்டதுல இருந்து சனங்க சேதி சொல்ல வண்டியில்லாம அல்லாடுறாக. வண்டி திரும்ப ஓடுதுன்னு நாலு ஊருக்குத் தெரிய வேணாமா? கூடலூர்ல ஒரு பெரியவருக்கு ரொம்ப முடியலையாம். உங்களுக்கு முந்தி பஸ்ல வந்து வண்டிக்குச் சொல்லிட்டுப் போயிட்டாக. டிரைவர் நீங்கதான்னு சொல்லிட்டேன்."

"இப்பவே கெளம்பணுமா?" என்றேன்.

அவள் தட்டை எடுத்து வைத்தாள்.

"இன்னும் மூச்சு இருக்காம். நீங்க நெதானமா சாப்பிட்டுட்டே போகலாம்."