பேச வந்தவரைப் பேசிவிட்ட கதை

காட்டுப்பாக்கம்,
21.06.2021

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணாவுக்கு,

தங்கை சுலோசனா எழுதுவது. இங்கே நானும் உங்கள் மச்சானும் முகக்கவசத்துக்கு உள்ளே நலம். கனடாவில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் கிருமிக்குத் தப்பிச் சுகமாக இருக்கத் திருவேற்காட்டு அம்மனை வீட்டிலிருந்தபடியே வேண்டிக்கொள்கிறேன். கோவிலும் பூட்டு. வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

"ஒருத்தரையும் நம்பாதே, வாயை மூடிக்கொண்டு இரு" என்று போன மாதம் சொன்னீர்கள். முதல் பாதியை ஒருமாதிரிக் காப்பாற்றினேன். இரண்டாம் பாதியில் கோட்டை விட்டுவிட்டேன். அதனால் கிடைத்த வெற்றியைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

அகதி முகாமை விட்டு நாங்கள் இங்கே வாடகைக்கு வந்த தெருவில், உள்ளூர்க்காரி என்று சொல்ல வீட்டுச் சொந்தக்காரி தாயம்மாள் ஒருத்திதான். மற்றதெல்லாம் ஒடிசாவிலிருந்து வந்த இளம் பெடியள், ஆவடித் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த தெற்கத்திக் குடும்பங்கள், நாங்கள். போன வருஷம் ஒரு வீட்டில் காய்ச்சல் என்றதும் வாசலில் தகரம் வைத்து அடைத்தார்கள். அன்றிலிருந்து தெருவே தலையணைக்குள் இருமுகிறது. ஊசி வண்டி வந்தால் கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும். எனக்கோ ஊசி வேண்டும். உங்கள் மச்சானுக்குச் சீனி வருத்தம், உடனே போடாவிட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனால் ஆதார் கேட்டார்கள். அகதி அட்டையைக் காட்டினோம், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "பெயரைக் கேக்கிறவன் ஒருத்தனும் நல்லதுக்குக் கேக்கிறேல்லை" என்று சொல்லிவிட்டு இவர் படுத்துவிட்டார்.

இந்த நிலையில், தினமும் நெற்றியில் காய்ச்சல் பார்க்க வருகிற தன்னார்வலர் ஷர்மிளா, வெள்ளிக்கிழமை வாசலில் நின்று சொல்கிறாள்: "யக்கா, நாளிக்கு சார் வந்து உங்ககிட்ட பேசுவாரு. ஞாயித்துக்கெழம சிறப்பு முகாம் கீது. அண்ணனையும் இட்டுக்கினு போணும்." சொன்னவள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

நீங்களே சொல்லுங்கள் அண்ணா, நம்மூரில் கதைக்கிறது என்றால்தான் கதைக்கிறது. பேசுறது என்றால் ஏச்சு. இங்கே பேசுவது வெறும் பேச்சுத்தான் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷம் இவர்களுடைய தொடர்நாடகம் பார்த்து அழுதவள்! ஆனால் பயம் வந்தால் காது ஊருக்குத் திரும்பிப் போய்விடுகிறது. அதற்கு மேல் சிறப்பு முகாம். இங்குள்ளவர்களுக்கு அது ஊசி போடும் இடம். எங்களுக்கு அது அகதிகளை அடைத்துப் பூட்டுப் போட்ட இடம், எப்போது வெளியே விடுவீர்கள் என்று கேட்க முடியாத இடம். ஆக, நாளைக்கு அதிகாரி வந்து ஏசுவார், ஞாயிறன்று உங்கள் மச்சானைக் கொண்டுபோய் அடைப்பார் என்று விளங்கிக்கொண்டேன். இவரிடம் சொன்னேன். பையை எடுத்து உடுக்க இரண்டு சாரம், மாத்திரை, மாமியின் படம் எல்லாம் வைத்துக் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தார்.

"என்னப்பா பிழை செய்தனீங்கள்?"

"உயிரோட இருக்கிறன்" என்றார்.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது அண்ணா. ஏச வருகிறவனை முதலில் நான் ஏசுவது என்று முடிவு கட்டினேன்.

சனிக்கிழமை ஷர்மிளாவோடு வந்தார் சுகாதார ஆய்வாளர் கஜபதி. சின்ன வயது, இரண்டு முகக்கவசம். "வணக்கம்மா. உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

"பேசுவியளோ? எங்க, பேசுங்கோ பாப்பம்!"

"உக்காந்து நிதானமா பேசலாம்மா."

உட்கார்ந்து நிதானமாக ஏசுகிறவனை நான் எந்த நாட்டிலும் கண்டதில்லை. "கதைக்கிறதெண்டால் கதையுங்கோ. பேசுறதெண்டால் நடையைக் கட்டுங்கோ!"

"கதையெல்லாம் எனக்கு வராதும்மா. உண்மையத்தான் பேசுவேன்."

அவ்வளவுதான், அவிழ்த்துவிட்டேன். ஆதாருக்கு ஒரு ஏச்சு, அடைத்த தகரத்துக்கு ஒன்று, கோதாரியில் போக என்று பொதுவாக ஒன்று. சாத்திய கதவெல்லாம் திறந்து தெருவே வெளியே வந்துவிட்டது. அந்த மனுசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் மூச்சு வாங்குகிற இடைவெளியில்தான் வாயைத் திறந்தார்: "ஆதார் இல்லாட்டியும் போடலாம்னு சொல்லிட்டாங்கம்மா. உங்க அகதி அட்டையே போதும். அன்னிக்குத் திருப்பி அனுப்பினதுக்கு மன்னிச்சிக்குங்க. அதை நேர்ல பேசிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

ஷர்மிளா தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். "யக்கா, இங்க பேசறதுன்னா உங்க ஊர்ல கதைக்கறது! முகாம்னா ஊசி முகாம்!"

எனக்கு முகக்கவசம் போதவில்லை, போர்வை வேண்டியிருந்தது. ஆனால் தாயம்மாள் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்தாள். "ஏமாத்த வந்தவன் இம்மாந் திட்டு வாங்கிக்கினு நிப்பானா? இவர நம்பலாம். இன்னா நைனா, எனக்கும் ஒண்ணு குத்து."

ஒடிசாப் பெடியளுக்கு என் தமிழ் ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. தோற்றது அதிகாரி என்பது மட்டும் விளங்கியது. அவர்களும் வருகிறோம் என்றார்கள்.

நேற்று முகாமில் என்னைத்தான் வரிசையில் முதலில் நிறுத்தினார்கள். "அக்கா போடட்டும், அப்புறம் நாங்க" என்றது தெரு. ரேஷனோ பதிவோ, எல்லா வரிசையிலும் கடைசியில் நின்றவள் நான். எனக்குப் பின்னால் ஒரு தெரு நின்றது அண்ணா! ஊசி வலித்ததா என்று கேட்டார்கள், நான் அழுதது அதற்கில்லை. உங்கள் மச்சானும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்து, கண்ணை மூடிப் போட்டுக்கொண்டார். பை திரும்பக் கதவுக்குப் பின்னால் போய்விட்டது.

புறப்படும்போது கஜபதி மெதுவாகக் கேட்டார்: "அம்மா, சென்னீர்குப்பத்துல ஒருத்தரும் கதவத் திறக்க மாட்டேங்கறாங்க. நாளைக்கு அங்க வந்து என்னை ஒருவாட்டி திட்டுவீங்களா?" சம்மதித்துவிட்டேன். அதிகாரியே வந்து என்னை ஏசு என்று கேட்கிற மரியாதை நம் பரம்பரையில் யாருக்குக் கிடைத்தது?

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள். எங்களை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். உங்கள் மச்சான் பயந்த பிறவிதான், ஆனாலும் இந்த வீட்டில் வாய் உள்ளவள் நான் ஒருத்தி இருக்கிறேன்.

என்றும் வாயடங்காத தங்கை,
சுலோசனா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் சென்னீர்குப்பம் போய் வந்துவிட்டோம். மைக் எல்லாம் கட்டி வைத்திருந்தார் கஜபதி. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஏச்சு வரவில்லை, "சாப்பிட்டீங்களோ தம்பி?" என்று மைக்கில் கேட்டுவிட்டேன். சனம் கதவைச் சாத்தத் தொடங்கியது. அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம், உங்கள் மச்சான்! வரிசை, பதிவு, கையெழுத்து, மழையில் ஒழுகிய கூரை என்று இத்தனை வருஷம் எல்லா அதிகாரிகளுக்கும் சேர்த்து வைத்திருந்ததை அந்த ஒரு பிள்ளை வாங்கியது. ஊசியைப் பற்றி ஒரு சொல் இல்லை. "போதும் சார், எல்லாரும் வந்துட்டாங்க சார்" என்று கஜபதி கெஞ்சியும் இவர் நிறுத்தவில்லை. அடுத்த வாரம் திருவேற்காட்டுக்கு இவரைத்தான் கேட்டிருக்கிறார்கள், என்னைக் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்தவர் கதவுக்குப் பின்னால் இருந்த பையைத் தரையில் கொட்டிவிட்டு, வெறும் பையை எடுத்துக்கொண்டு கத்தரிக்காய் வாங்கப் போயிருக்கிறார்.