பச்சை வானத்து முதலாளி

வண்ணங்களைப் படைத்தவர்கள் இருவர். முதலாமவர் கடவுள். இரண்டாமவர் ஹாலிவுட்டில் எங்கள் கார்ட்டூன் கம்பெனியின் அதிபர் ஆம்ப்ரோஸ் டட்டில். கடவுளுக்கு ஏழு வண்ணம் தேவைப்பட்டது. டட்டிலோ சிவப்பு, பச்சை இரண்டை வைத்தே ஒப்பேற்றினார். யார் பெரியவர் என்று நீங்களே சொல்லுங்கள்.

எல்லா வண்ணமும் காட்டும் புதுப் பிலிமை வேறொரு கம்பெனி மொத்தமாக வளைத்துப் போட்டுவிட்டது. எங்களுக்கு வாய்த்த மலிவுப் பிலிமுக்கு நீலம் என்றால் கண் தெரியாது, கறுப்பாக்கிவிடும். உடனே டட்டில் 'வண்ண உயர்மட்டக் குழு'வைக் கூட்டினார். வானம் இனிமேல் பச்சை என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வானத்தின் கருத்து கேட்கப்படவில்லை.

அந்தப் பச்சை வானத்தைப் பார்க்கச் சகிக்கும்படி செய்தவள், பெயின்ட் அறைக்குத் தலைவியான ஹில்டா பெர்க். இருந்த இரண்டு வண்ணத்தையும் குழைத்துக் குழைத்து, கார்ட்டூன் நீர்யானைக்கு வெட்கம்கூட வரவழைத்தாள். பதிலுக்கு அவள் கேட்டது ஒன்றுதான்: திரையில் தன் பெயர். அதுவரை எங்கள் படங்களில் டட்டில் பெயர் மட்டுமே வரும், மூன்று தடவை.

"போட்டுட்டா போச்சு" என்றார் டட்டில். குழுவே கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மத்தியானம், தலைப்பு எழுதுகிற என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "கறுப்பு அட்டையில அவ பேரை நல்ல நீலத்துல எழுதிடுப்பா. நான் சொன்ன சொல் மாறாதவன்."

நேராக ஹில்டாவிடம் போய்ப் போட்டு உடைத்தேன். அவள் கோபப்படவே இல்லை.

"அவ்வளவு உசத்தியான கலரா? அப்ப அது முதலாளிக்குத்தான் பொருத்தம்" என்று சொல்லி, அட்டைகளையும் தூரிகையையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

கிளெண்டேல் தியேட்டரில் முதல் காட்சி. படத்தின் பெயர் வந்து போனதும், கறுப்புத் திரையில் ஒரே ஒரு பெயர், தக்காளிச் சிவப்பில்: ஹில்டா பெர்க். ஜனம் விசிலடித்தது. படம் வாங்க வந்த வியாபாரிகள், அடுத்த படத்துக்கும் அந்த அம்மாதான் வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

"என் பேர் எங்கம்மா?" டட்டில் ஹில்டா பக்கம் திரும்பினார்.

"இருக்கு சார். மூணு இடத்துலயும் இருக்கு. நல்ல நீலம்."

பாவம், மனிதர் அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. நீலத்தில் எழுதப்பட்டவன் பாடு எப்படியிருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்களுக்கு அது பழக்கம். வண்ணப் பிலிம் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, எங்கள் எல்லோர் பேரையும் அவர் நீலத்தில்தான் எழுதி வைத்திருந்தார்.